ஃபின்லாந்து கிராமத்துப் பிள்ளைகளின் உடுப்பு, 1918–1939: அந்தப் பள்ளிக்கூடப் போட்டோவில் தெரிவது வறுமை மட்டும்தானா?

கேள்வி, பிப்ரவரி 3, இரவு 9.10

அக்கா, 1920களில் ஃபின்லாந்து கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் எடுத்த குரூப் போட்டோ பார்த்தேன். முன்வரிசையில் பாதிப் பேர் காலில் ஒன்றுமில்லை. ஒரு பையனின் கோட்டில் மேல்பாக்கெட் வலப்பக்கம் இருக்கிறது. படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று பார்த்தால் கதவுக்கு மேலே உள்ள எழுத்து நேராகத்தான் இருக்கிறது. ஓரத்தில் கவுன் போட்டு நிற்கிற சின்னக் குழந்தைக்குக் கீழே ஆண் பெயர் எழுதியிருக்கிறது. அவ்வளவு குளிர் நாட்டில் இது வறுமைதானே? எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

பிப்ரவரி 3, இரவு 11.05

வறுமை இருந்தது தம்பி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணம். முதலில் கால்.

போட்டோவில் பனி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடப் படங்கள் பெரும்பாலும் வெளிச்சம் நல்லபடியாக இருக்கிற வசந்த கால முடிவிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ எடுக்கப்பட்டவை. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். வசதியான பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். தோல் செருப்போ பூட்ஸோ வீட்டிலேயே விலை கூடின சாமான். அந்த ஐந்து மாதம் அதைக் கழற்றி வைத்தால் இன்னொரு குளிர்காலம் தாங்கும், அடுத்த பிள்ளைக்கும் போகும். சர்ச்சுக்கு நடக்கும்போது பெரியவர்களே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய், சர்ச் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார்கள்.

நிஜமான வறுமை கோடைப் படத்தில் தெரியாது. ஜனவரியில் தெரியும்: ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் போட்டு வெளியே போவது, முறை வராதவர்கள் அடுப்புள்ள பெரிய அறையிலேயே அடைந்து கிடப்பது.

பிப்ரவரி 4, காலை 6.40

வலப்பக்கப் பாக்கெட்: அது திருப்பித் தைத்த கோட்டு.

பெரியவரின் கோட்டு வெளிப்பக்கம் வெளுத்துத் தேய்ந்து பளபளத்துப் போனதும் தையல் முழுக்கப் பிரிப்பார்கள். தையலுக்குள் அடைந்த பஞ்சுத்தூசியைத் தட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, ஒவ்வொரு துண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மறுபடி தைப்பார்கள். இடது முன்துண்டைப் புரட்டினால் அது வலது முன்துண்டு ஆகிவிடும். இடது மார்பில் இருந்த பாக்கெட்டும் கூடவே வலப்பக்கம் போய்விடும். காஜாவும் (பட்டன் நுழைகிற துளை) அப்படியே. ஆண் கோட்டில் காஜா இடப்பக்கம் இருக்கும், திருப்பினால் வலப்பக்கம். ஆகவே பையன் போட்டிருக்கிற கோட்டு பெண்களுடையது போல மூடினால் அது திருப்பின கோட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் துணிக்கும் இது ஒத்துவராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற கெட்டிக் கம்பளிக்குத்தான் சரி. அச்சுப்பருத்தியைத் திருப்பினால் பூ மங்கலாகத் தெரியும்.

பிப்ரவரி 4, மதியம் 1.20

கவுன் போட்ட பையன்: அதற்கு ‘கோல்த்து’ என்று பெயர். ஆண், பெண் இரண்டு குழந்தைக்கும் ஒரே வெட்டு. மூன்று நான்கு வயதுவரை, தானே பட்டனைக் கழற்றிப் போடத் தெரிகிறவரை. கால்சட்டை போட்டால் நாளுக்கு நாலு கால்சட்டை நனையும். கம்பளிக் கால்சட்டை நனைந்தால் குளிர்காலத்தில் ஒரு ராத்திரியில் காயாது. இந்தப் பழக்கம் 1930களில் குறைந்துகொண்டே வந்தது.

பிப்ரவரி 5, இரவு 10.30

“கம்பளி என்றால் சும்மா ஆட்டு ரோமம்தானே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் உடுப்பு எப்படி வெட்டப்பட்டது, எப்படிக் கெட்டது என்பதெல்லாம் துணியில்தான் இருக்கிறது.

வீட்டு ஆடு ஃபின்லாந்து நாட்டு ஆடு. வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். கோடை முழுக்க வெளியே மேய்ந்தபின் இலையுதிர் காலத்தில் கத்தரிக்கிற ரோமம் சுத்தமாகவும் மென்மையாகவும் இருக்கும். குளிர்காலம் கொட்டிலில் கிடந்தபின் வசந்தத்தில் கத்தரிப்பது அழுக்கு, வைக்கோல் குப்பை, இழையும் நொறுங்கும். பிள்ளைகளின் காலுறை, கையுறை, உடம்பில் நேரே படுகிற எதுவும் இலையுதிர் கால ரோமத்தில். வசந்த ரோமம் கெட்டித் துணிக்கும் முரட்டு நூலுக்கும் போகும். இதை மாற்றிச் செய்தால் பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும்.

கெட்டித் துணிக்கு ‘சர்கா’ என்று பெயர். பாவும் (தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்) ஊடையும் (குறுக்கே ஓடுகிற நூல்) இரண்டுமே கம்பளி. தறியில் வேண்டியதைவிட அகலமாக, தளர்வாக நெய்வார்கள். அப்புறம் வெந்நீரில் நனைத்து இடித்து இறுக்குவார்கள். ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடுகிற இடிப்பு ஆலைகள் இருந்தன. ஆலை எட்டாத இடத்தில் காலால் மிதிப்பார்கள். துணி மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் சுருங்கும். இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால் வெட்டின ஓரம் பிரியாது. ஓரத்தை மடித்து அடிக்கத் தேவையில்லை. காற்று நுழையாது, லேசான மழைத் தண்ணீர் மேலேயே நின்று உருண்டுவிடும்.

அளவு மீறி இறுக்கினால் பலகை மாதிரி விறைக்கும். கழுத்து, மணிக்கட்டு, தொடை உள்பக்கம் மூன்றும் உராய்ந்து சிவக்கும். அதனால்தான் காலருக்கும் கஃபுக்கும் உள்ளே பழைய பருத்தித் துணியில் லைனிங் கொடுத்தார்கள். அழகுக்காகப் பார்த்தால் அந்த லைனிங்குக்கு வேலையே இல்லை.

இன்னொன்று அரைக்கம்பளி. பாவு ஆலைப் பருத்தி நூல், ஊடை வீட்டுக் கம்பளி நூல். பெண்பிள்ளைகளின் அன்றாடக் கவுன் பெரும்பாலும் இதில்தான். நெய்ய எளிது, பாவு அறுந்து தொல்லை கொடுக்காது. ஆனால் இதை வெந்நீரில் அலசிவிட்டால் கம்பளி ஊடை சுருங்கும், பருத்திப் பாவு சுருங்காது. கவுனில் பாவு மேலிருந்து கீழாகவும் ஊடை உடம்பைச் சுற்றியும் ஓடும். ஆகவே கவுனின் நீளம் அப்படியே இருக்க, மார்பும் அக்குளும் பிடித்துக்கொள்ளும். நீளம் சரியாக இருந்தும் அக்குளில் துண்டு ஒட்டுப்போட்ட கவுன்கள் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பிள்ளை வளர்ந்தது மட்டுமல்ல.

பிப்ரவரி 5, இரவு 10.52

விட்டுப்போனது: கடைத்துணி இல்லாமல் இல்லை. தம்பெரேயில் 1820இல் தொடங்கின ஃபின்லேசன் பருத்தி ஆலை, அப்புறம் ஃபோர்ஸாவின் அச்சுப்பருத்தி, இவை கிராமக் கடைக்கும் வந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கவுன், ஏப்ரன், பையன் சட்டை அதில். கையில் காசு புரண்டால் கஜம் கூடும், 1930 வாக்கில் பொருளாதார மந்தம் வந்தபோது தறி மறுபடி அறைக்குள் வந்தது.

பிப்ரவரி 7, காலை 8.15

காஜாவைப் பற்றி 4ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். தையல்கடை வைத்திருக்கிற ஒருவர் தனிச்செய்தியில் சரியாகக் கேட்டார்: “பெரியவர் கோட்டைப் பையனுக்குக் குறைத்தால் முன் ஓரத்தை வெட்டித்தானே எடுப்போம், பழைய காஜா எப்படி மிஞ்சும்?”

மிஞ்சாது. 7 வயதுப் பையனுக்கு வெட்டும்போது காஜாவோடு முன் ஓரம் முழுக்கப் போய்விடும். புதுக் காஜாவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடலாம். அக்காவின் கோட்டு தம்பிக்கு வந்திருந்தாலும் பெண்களுடையது போலத்தான் மூடும். ஆகவே காஜாவை வைத்து முடிவு சொல்லக் கூடாது. பாக்கெட்டை வைத்துச் சொல்லலாம். அதுவும் பெரிதாகக் குறைக்காத கோட்டில் மட்டும். நன்றாகக் குறைத்த கோட்டில் பாக்கெட் வாயை ரஃபு அடித்து மூடி, அந்த இடத்தைக் கையின் அடியிலோ கீழ்ப்பக்கமோ தள்ளியிருப்பார்கள். உங்கள் படத்துப் பையனின் கோட்டில் பாக்கெட் மார்பிலேயே இருக்கிறது என்றால் அது அவனுக்கு எவ்வளவு பெரிதாகத் தொங்குகிறது, கை எவ்வளவு மடித்துவிட்டிருக்கிறது, பாருங்கள்.

குறைக்கும்போது எந்தத் துண்டு எங்கிருந்து வரும் என்பதும் முக்கியம். கோட்டின் முதுகும் இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியும்தான் தேயாத நல்ல துணி. கை வெட்டுவதுதான் சிக்கல். பெரியவரின் கையில் முழங்கை தேய்ந்த இடம் ஏறக்குறைய நடுவில் இருக்கும், அதைத் தவிர்த்துப் பிள்ளைக்கு முழுக் கை எடுக்க நீளம் போதாது. ஒன்று முதுகுத் துணியில் வெட்டுவார்கள், இல்லையென்றால் தேய்ந்த இடம் பிள்ளையின் கைக்கு உள்பக்கம் வரும்படி தையலைச் சுழற்றி வைப்பார்கள்.

இந்த வேலைக்கு ஊர் ஊராகப் போகிற தையல்காரர்கள் இருந்தார்கள். வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அந்த வீட்டுக்கு வேண்டியதெல்லாம் தைத்து முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். செருப்புத் தைப்பவரும் அதேபோல. தையல் மிஷின் வீடுகளுக்குள் வந்தபின் பிள்ளைகளின் உடுப்பைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே தைத்தார்கள், வெளித்தையல்காரருக்குக் கெட்டிக் கோட்டு வேலை மிஞ்சியது.

பிப்ரவரி 8, இரவு 9.00

காலுறை. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அரைக்கால்சட்டையோ கவுனோ, கீழே தொடை நடுவரைக்கும் கம்பளிக் காலுறை. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அதைத் தூக்கிப் பிடிக்க மேலே கையில்லாத ஒரு பருத்திப் பாடி, அதன் கீழ் ஓரத்தில் பட்டன், பட்டனிலிருந்து காஜா போட்ட எலாஸ்டிக் நாடா, நாடாவின் மறுமுனை காலுறையின் மேல் ஓரத்துப் பட்டனில். எலாஸ்டிக்கை வெந்நீரில் போட்டால் சீக்கிரம் தளரும், ஆகவே துவைக்கும்போது கழற்றி வைக்க வேண்டும். கழற்றாமல் விட்டால் காலுறை கணுக்காலில் சுருண்டு விழும். காலுறைக்கும் கால்சட்டைக்கும் நடுவில் வெற்றுத்தொடை குளிரில் சிவந்து வெடிக்கும்.

பின்னுவது மேலிருந்து கீழே: முதலில் தொடை ஓரம், கடைசியில் கால்விரல் நுனி. ஊசிப் பின்னலை முடித்த முனையிலிருந்துதான் பிரிக்க முடியும். ஆகவே நுனியிலிருந்து பிரிக்கலாம். முதலில் தேய்வது குதிகால். தேய்ந்ததும் கணுக்கால்வரை பிரித்து, கண்ணிகளை நான்கு ஊசியில் எடுத்து, புதுக் குதிகாலும் பாதமும் பின்னுவார்கள். பிள்ளை வளர்ந்திருந்தால் அப்போதே காலுக்கு நாலைந்து விரற்கடை கூட்டிப் பின்னிவிட்டு அப்புறம் பாதம். ஒரே வேலையில் இரண்டும் தீர்ந்துவிடும்.

மேல் ஓரத்தில் நீளம் கூட்டுவது சரிவராது. அங்கே வரிசையை வெட்டித்தான் கண்ணி எடுக்க வேண்டும். எலாஸ்டிக் இழுக்கிற இடமும் அதுதான், ஒட்டுப் பின்னல் அங்கே முதலில் அறும்.

புது நூலின் நிறம் பழையதோடு பொருந்தவே பொருந்தாது. மேலே கறுப்பு, பாதம் சாம்பல். செருப்புக்குள் போகிற பாகம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 8, இரவு 9.25

கையுறைக்கு இன்னொரு பழைய முறையும் உயிரோடு இருந்தது, சாவோ, கரேலியா, ஹாமே பக்கங்களில். ‘நெஉலகின்னாஸ்’. ஒரே ஊசி, மரத்திலோ எலும்பிலோ செய்த தட்டை ஊசி, ஒரு கண். நூலைக் கைநீளத்துக்கு வெட்டி, கட்டைவிரலில் கண்ணி போட்டு, முந்தின கண்ணிகளுக்குள் ஊசியை நுழைத்து முழு நூலையும் இழுக்க வேண்டும். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு முனையையும் பிரித்து, நனைத்து, உள்ளங்கையில் உருட்டினால் கம்பளி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலில் இது நடக்காது. பெரிதாகப் பின்னி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கை அளவுக்குச் சுருக்குவார்கள். ஓட்டை விழுந்தாலும் காலுறைக்குச் சொன்ன நான்கு ஊசிப் பின்னல் மாதிரி ஓடிப் பிரியாது. வேகமோ குறைவு. பிள்ளைகளின் கையுறை ஆண்டுதோறும் சின்னதாகும் என்பதால் அவர்களுக்கு அதிகம் நான்கு ஊசிப் பின்னல்தான். இந்த ஒற்றை ஊசிக் கையுறை விறகு வெட்டுகிறவர் கைக்கு.

பிப்ரவரி 11, மாலை 5.45

பனிக்காலச் செருப்பு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

‘பியெக்ஸு’ என்பது மூக்கு மேலே வளைந்த தோல் பூட்ஸ். அந்த வளைவு பனிச்சறுக்குப் பலகையின் தோல்வார் நழுவாமல் மாட்டிக்கொள்ள. பள்ளிக்குச் சறுக்கிப் போகிற பிள்ளைக்கு அது தேவை. மேல்வாயில் நெய்த நாடாவைச் சுற்றிக் கட்டினால் பனி உள்ளே போகாது. அளவு எப்போதும் பெரிது: இரண்டு காலுறை போட்டு, வடக்கே என்றால் உலர்ந்த கோரைப்புல்லும் திணிக்க இடம் வேண்டும். கோடையில் அறுத்து, அடித்து மென்மையாக்கி, காய வைத்த புல். தினமும் சாயங்காலம் எடுத்து உலர்த்த வேண்டும். ஈரப்புல்லோடு மறுநாள் போனால் விரல் விறைத்துப்போகும்.

தோலுக்குப் பைன் மரத் தாரும் கொழுப்பும் கலந்து தேய்ப்பார்கள். தார் கூடினால் குளிரில் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும். காய்ந்து முறுகின தோலில் தேய்த்தாலும் உள்ளே இறங்காது, லேசாக ஈரம் இருக்கும்போது தேய்க்க வேண்டும். ரொம்பப் பேர் செய்த தப்பு, நனைந்த பூட்ஸை அடுப்பு வாயில் வைப்பது. ஒரே ராத்திரியில் தோல் சுருங்கி நொறுங்கிவிடும்.

கம்பளி அழுத்திச் செய்த பூட்ஸ், வறண்ட கடுங்குளிரில் அதைவிட நல்லது கிடையாது. மார்ச், ஏப்ரல் உருகல் வந்ததும் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். பொஹ்யன்மா பக்கம் கிழிந்த சர்காத் துண்டுகளை வைத்து ‘தல்லுக்காத்’ தைத்தார்கள். அடிப்பாகம் கந்தல் துணியைப் பல அடுக்காக வைத்து நெருக்கத் தையல் போட்டது. மேலே சொன்ன கோட்டு, பையனுக்குக் குறைத்தபின் மிஞ்சின துண்டோடு இங்கேதான் வரும்.

பிப்ரவரி 12, காலை 7.00

துணி துவைப்பது. பருத்திக்கும் லினனுக்கும் பிர்ச் மரச் சாம்பலை வடித்த காரத் தண்ணீர். பெரிய துவையல் வருடத்துக்குச் சில முறைதான், குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு அலசுவார்கள். காரம் கம்பளியை அரித்துவிடும், ஆகவே கம்பளிக் கவுன் அந்த அண்டாவுக்குள் போகவே போகாது. பெண்பிள்ளைகளின் கவுனுக்கு மேலே எப்போதும் ஏப்ரன் இருந்ததன் காரணம் அதுதான். துவைப்பது ஏப்ரனை, காப்பது கவுனை.

“கம்பளிக்குச் சூடு ஆகாது என்றீர்களே, பேன் ஒழிக்கச் சவுனாவில் (சூடேற்றின குளியல் அறை) தொங்கவிட்டார்களே?” என்று கேட்டது நியாயம். நான் ‘சூடு’ என்று எழுதியிருந்தால் தப்பு. கம்பளி சுருங்க ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர வேண்டும். சவுனாவில் தண்ணீர் ஊற்றாமல் உலர்ந்த சூட்டில் தொங்கவிட்டால் பேனும் ஈரும் சாகும், துணி அப்படியே இருக்கும். சனிக்கிழமை குளித்தபின் போடுகிற சுத்த உள்சட்டை வாரம் முழுக்க உடம்பில்.

பிப்ரவரி 12, காலை 7.30

மாவு மூட்டைச் சாக்கில் உடுப்புத் தைத்தார்களா என்ற கேள்விக்கு: ஆமாம், உள்பாவாடைக்கும் சட்டைக்கும் பயன்பட்டது. அச்செழுத்து போவதுதான் பாடு. காரத்தில் ஊறவைத்து, வசந்தகாலக் கெட்டிப் பனிமேல் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள், வீட்டு லினனுக்கும் அதே முறை. கைக்குழந்தைச் சட்டைக்கு மட்டும் சாக்கு ஆகாது. பெரியவர்கள் போட்டுப் போட்டுப் பட்டாகிப்போன பழைய லினன் சட்டையைத்தான் வெட்டுவார்கள், தையல் வெளிப்பக்கம் வரும்படி.

பிப்ரவரி 15, இரவு 8.40

“அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?” செய்தது, மெதுவாக.

1921 கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபோது, 7 வயதுப் பிள்ளையைப் பனியில் சில கிலோமீட்டர் நடக்க வைத்தால் உடுப்பு யார் கொடுப்பது என்ற கேள்வி கூடவே வந்தது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு உடுப்பும் சாப்பாடும் கொடுத்து உதவும் பொறுப்பை அந்தச் சட்டம் உள்ளூராட்சியின் மேல் வைத்தது. கிராமப்புறத்துக்குச் சட்டத்தை நிறைவேற்ற நீண்ட அவகாசம் இருந்ததால் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் நடக்கவில்லை. பள்ளியில் கைவேலை 1866லிருந்தே பாடம். பெண்பிள்ளைகள் பின்னின காலுறையும் கையுறையும் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளத்தான் போயின.

கைக்குழந்தைக்கு: 1920இல் தொடங்கின மன்னர்ஹெய்ம் குழந்தைகள் நலச் சங்கம், 1922லிருந்து சுற்றுக்கூடை அனுப்பியது. குழந்தை உடுப்பு நிறைந்த கூடை, ஒரு தாய் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த தாய்க்கு. பிள்ளை வளர்ந்துவிடுகிறது, துணி தேயவில்லை என்பதைப் பிடித்துக்கொண்ட ஏற்பாடு, எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம் 1937 சட்டப்படி 1938லிருந்து வருமானம் குறைந்த தாய்மாருக்கு 450 மார்க் (அன்றைய ஃபின்லாந்துப் பணம்) பேறுகால உதவி. அதைப் பொருளாகவும் வாங்கலாம். இன்று உலகம் முழுக்கப் பேசுகிற குழந்தைப் பெட்டி அதிலிருந்து வந்தது. பெட்டியில் தைத்துக்கொள்ளத் துணியும் இருந்தது, வீட்டுக்கு வீடு மிஷின் இருந்த காலம்.

பிப்ரவரி 16, மதியம் 12.10

தம்பி, நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு “இரண்டாம் வரிசைப் பெண்ணின் கவுனில் கீழே கறுப்புப் பட்டை, பார்டரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பார்டராக இருக்கலாம். எனக்கு அது இறக்கிவிட்ட டக் (துணியை மடித்துத் தைத்து வைக்கிற மடிப்பு) என்று தோன்றுகிறது.

வளர்கிற பிள்ளைக்குக் கவுன் தைக்கும்போது கீழ் ஓரத்தை 8, 10 செ.மீ. ஆழமாக மடித்து அடிப்பார்கள். அதற்கு மேலே சுற்றிலும் குறுக்காக இரண்டு மூன்று டக், நீள ஓட்டுத்தையலில், பிரிக்க எளிதாக. டக் 2 செ.மீ. என்றால் பிரிக்கும்போது 4 செ.மீ. நீளம் கிடைக்கும். இரண்டு டக் பிரித்தால் 8. மடிப்புக்குள் வெயில் படாத துணி வெளுக்காமல் இருக்கும், பிரித்ததும் அது மட்டும் அடர்த்தியாகத் தெரியும். அதை மறைக்க மேலே நாடா தைத்தவர்களும் உண்டு.

பிப்ரவரி 16, மதியம் 12.35

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். டக் வெளிப்பக்கம் மடித்ததா, உள்பக்கம் மடித்ததா என்பதற்கேற்ப அடையாளம் மாறும். இரண்டிலும் அடர்ந்த பட்டை 4 செ.மீ.தான். உள்பக்கம் மடித்திருந்தால் ஊசித் துளைகள் பட்டையின் மேலும் கீழும் இரண்டு ஓரத்திலும் இருக்கும். வெளிப்பக்கம் மடித்திருந்தால் துளை பட்டையின் மேலே 2 செ.மீ. தள்ளி ஒன்று, பட்டையின் நட்டநடுவில் ஒன்று. பட்டையின் மேல் ஓரம் மடிப்பு முனையாக இருந்து தேய்ந்ததால் அங்கே வெள்ளைக் கோடு மாதிரி தெரியும்.

போட்டோவில் துளை தெரியாது, வெள்ளைக் கோடு தெரியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தக்காலக் கண்ணாடித் தகட்டில் நீலம் வெளுத்தும் சிவப்பு கறுத்தும் விழும். சிவப்பு நாடா வைத்த நீலக் கவுனும் இதேபோலத்தான் இருக்கும். நாடா என்றால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி கூர்மையாக வரும். மேல் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் டக். அப்படியானால் பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவில் இன்னும் பிரிக்காத மடிப்பு நிழல் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் அந்தக் கவுனில் அவளுக்கு இன்னும் 4 செ.மீ. மிச்சம் இருக்கிறது.